சுவிட்ச் கான்ஃபிக்கில் பாஸ்வேர்டும் கீயும் கண்ணில் படாமல் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றில் வைஃபை நின்றுபோனால் என்ன ஆகும் என்று சேலத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கீழிருந்து ஆள் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவதற்குள் ரிசப்ஷனில் சண்டையே வந்துவிடும். அதனால் மேலே இருக்கிற பையன், "அண்ணா, ஷோ ரன் கொடுத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டுமா?" என்பான். "சரி தம்பி, போடு" என்போம். ஷோ ரன் என்பது சுவிட்சின் அமைப்பு முழுவதையும், அதாவது கான்ஃபிக்கை, திரையில் கொட்டும் கமாண்ட். அந்தப் போட்டோ ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) குரூப்புக்குப் போகும், அங்கிருந்து வெண்டாரின் சப்போர்ட் ஆளுக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. கேட்டது ஒரு போர்ட் ஏன் டவுன் என்று. போனது ரேடியஸ் கீ (லாகினைச் சரிபார்க்கும் சர்வரோடு பேசுவதற்கான ரகசியச் சொல்), எஸ்என்எம்பி கம்யூனிட்டி (சுவிட்சைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கான ரகசியச் சொல்), லாகின் பாஸ்வேர்ட் எல்லாம்.

இதைத் தடுக்கும் வழிகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கடையோ, ஜவ்வரிசி ஆலையோ, பொறியியல் கல்லூரியோ, இந்தப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது சிஸ்கோ என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன். மற்ற கம்பெனிகள் பின்னால் வரும். கமாண்டுகளை உச்சரிப்பாகத் தமிழிலேயே தந்திருக்கிறேன். சுவிட்சில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது கேள்விக்குறியும் டேப் கீயும் ஸ்பெல்லிங்கைக் காட்டிக்கொடுக்கும்.

எது மறையும், எது மறையாது

கமாண்டுக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லாகின் பாஸ்வேர்டை சுவிட்ச் சரிபார்த்தால் போதும், அதை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதனால் அசலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹேஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒருவழி அடையாளத்தை) மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஹேஷிலிருந்து அசலுக்குத் திரும்பி வர நேர்வழி கிடையாது.

ரேடியஸ் கீ, டக்காக்ஸ் (ரேடியஸ் போன்ற இன்னொரு முறை) கீ, ஓஎஸ்பிஎஃப் (வழித்தடத் தகவலைப் பரிமாறும் முறை) கீ எல்லாம் வேறு ஜாதி. எதிர்ப்பக்கத்தோடு பேச ஒவ்வொரு முறையும் சுவிட்சுக்கு அசல் கீ தேவை. ஆகவே அதை எப்படிச் சுருட்டி வைத்தாலும் சுவிட்ச் தானே விரித்துப் படிக்கும்படிதான் வைத்தாக வேண்டும். சுவிட்ச் படிக்க முடிந்தால், அதே வழி தெரிந்த மனிதனாலும் படிக்க முடியும். முதல் வகையை ஹேஷாக்குங்கள், இரண்டாம் வகையை என்கிரிப்ட் செய்யுங்கள். திரையில் மறைப்பது இவற்றுக்கு அப்புறம்தான். நிறைய பேர் திரையை மறைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' கொடுத்து, பைப் (| குறி) போட்டு, 'இன்க்ளூட்' உடன் பாஸ்வேர்ட், சீக்ரெட், கீ, கம்யூனிட்டி ஆகிய நான்கு சொற்களையும் நடுவில் பைப் குறி வைத்துத் தேடுங்கள். வருகிற வரிகளில் ரகசியத்துக்கு முன்னால் நிற்கும் எண்தான் விஷயம்.

எண்ணே இல்லை, அல்லது 0 என்றால் அப்பட்டமாக இருக்கிறது. 7 என்றால் சும்மா கலைத்துப் போட்டிருக்கிறது. 5 என்பது எம்டி5 அடிப்படையிலான ஹேஷ், பழசு. பாஸ்வேர்ட் சின்னதாக இருந்தால் இன்றைய கிராபிக்ஸ் கார்டு முன் நிற்காது. 8 என்பது பிபிகேடிஎஃப்2, எஸ்ஹெச்ஏ-256ஐ 20,000 சுற்று ஓட்டியது. 9 என்பது எஸ்கிரிப்ட். 6 என்பது ஏஇஎஸ், அதாவது திரும்பப் படிக்கக்கூடியது, ஆனால் மாஸ்டர் கீ வேண்டும். எங்காவது 4 தென்பட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். உப்பு (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காமல் ஒரே சுற்றில் ஹேஷ் செய்த வடிவம் அது. 2013இல் குட்டு வெளிப்பட்டு சிஸ்கோவே கைவிட்டது.

7ஐ ஏன் நம்பக் கூடாது

'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' போட்டுவிட்டோம், எல்லாம் பத்திரம் என்று சொல்கிறவர்களுக்காக ஒரு வரியைப் பிரித்தே காட்டுகிறேன். கான்ஃபிக்கில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: பாஸ்வேர்ட் 7 051807032441.

முதல் இரண்டு இலக்கம், 05, எங்கே தொடங்குவது என்று சொல்கிறது. இந்தக் கலைத்துப் போடும் வேலைக்கு சிஸ்கோ எல்லாப் பெட்டியிலும் ஒரே நிலையான எழுத்துச் சரத்தைத்தான் பயன்படுத்துகிறது. அது பல வருடமாக ஊருக்கே தெரியும். சரத்தை 0 முதல் எண்ணினால் 5ஆம் இடத்திலிருந்து வரும் ஐந்து எழுத்துகளின் ஆஸ்கி எண்கள் 107, 102, 111, 65, 44. கான்ஃபிக் வரியில் மிச்சமிருப்பது 18, 07, 03, 24, 41. இவை பதினாறடிமான எண்கள். பத்தடிமானத்துக்கு மாற்றினால் 24, 7, 3, 36, 65. இரண்டு வரிசையையும் ஜோடி ஜோடியாக எக்ஸ்ஆர் செய்யுங்கள், அதாவது பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0. விடை 115, 97, 108, 101, 109. ஆஸ்கி அட்டவணையில் இவை ஆங்கிலச் சின்ன எழுத்து எஸ், ஏ, எல், இ, எம். நம்ம ஊர் பெயர்தான் பாஸ்வேர்ட்.

பேனாவும் தாளும் போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் சுவிட்சே சொல்லிக்கொடுக்கும். 'கீ செயின்' ஒன்று உருவாக்கி, 'கீ-ஸ்ட்ரிங் 7' என்று அந்த எண்ணை ஒட்டி, 'ஷோ கீ செயின்' கொடுத்தால், அந்த வசதி உள்ள பெட்டிகளில் அசல் எழுத்து அப்படியே வரும். மறந்துபோன கீயை மீட்க நானும் இப்படித்தான் செய்வேன். கண்ட இணையதளத்தில் கஸ்டமரின் கீயைப் போட்டு உடைப்பதைவிட இது மேல்.

அப்படியானால் அந்தக் கமாண்டே வேண்டாமா? வேண்டும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர் மனப்பாடம் செய்யாமல் இருக்க அது உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். இன்னொன்று: 'நோ' போட்டு அதை எடுத்தாலும் ஏற்கெனவே கலைந்தவை பழையபடி ஆகாது, புதிதாகப் போடுபவைதான் அப்பட்டமாக வரும்.

படி 2: லாகின் பாஸ்வேர்டை ஹேஷுக்கு மாற்றுங்கள்

மலை மேல் இருக்கிற சுவிட்சில் இந்த வேலையைக் கீழிருந்து செய்கிறீர்கள் என்றால் முதலில் 'ரீலோட் இன் 15' கொடுங்கள். இடையில் நீங்களே வெளியே மாட்டிக்கொண்டால், 15 நிமிடத்தில் சுவிட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். இது வேலை செய்ய வேண்டுமானால் நடுவில் கான்ஃபிக்கைச் சேமிக்கும் 'ரைட் மெமரி' கொடுக்கக் கூடாது. எல்லாம் சரியானதும் 'ரீலோட் கேன்சல்'. இன்னொரு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சுவிட்சில் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) விண்டோவையும் லாகின் ஆன நிலையில் திறந்தே வைத்திருங்கள்.

அப்புறம் புது யூசர் ஒன்றைப் போடுங்கள்: 'யூசர்நேம்', பெயர், 'பிரிவிலேஜ் 15 அல்காரிதம்-டைப் எஸ்ஹெச்ஏ256 சீக்ரெட்', பாஸ்வேர்ட். இது 8ஆம் வகையாகப் பதிவாகும். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2022 பிப்ரவரியில் வெளியிட்ட குறிப்பு இதையே பரிந்துரைக்கிறது. எஸ்கிரிப்ட் போட்டு 9 ஆக வைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. பழைய ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) ஓடும் பெட்டியில் இந்தச் சொல்லே இருக்காது. அங்கே 'சீக்ரெட்' என்று மட்டும் கொடுத்து, பாஸ்வேர்டை நீளமாக்குங்கள்.

பழைய யூசர் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லோடு இருந்தால், அதே பெயரில் 'சீக்ரெட்' போட விடாது, எரர் தரும். அதனால்தான் புதுப் பெயரில் ஆரம்பிக்கச் சொன்னேன். புது யூசரில் நுழைந்து பார்த்துவிட்டுப் பழையதை 'நோ யூசர்நேம்' கொடுத்து எடுங்கள்.

முழு அதிகார நிலைக்குப் போகக் கேட்கும் பாஸ்வேர்டு இரண்டு விதமாக இருக்கும். 'எனேபிள் சீக்ரெட்' இருக்கும்போது 'எனேபிள் பாஸ்வேர்ட்' செயல்படாது, ஆனால் கான்ஃபிக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்போது 7ஐ உடைத்தால் 9ஆம் வகை சீக்ரெட்டும் கையில் வந்துவிடும். 'நோ எனேபிள் பாஸ்வேர்ட்' கொடுத்துக் கழற்றிவிடுங்கள். தொலைவிலிருந்து நுழைவதற்கான 'லைன் விடிஒய்' கீழே இருக்கிற பாஸ்வேர்டும் அப்படியே: 'லாகின் லோக்கல்' போட்டுவிட்டு அதை எடுங்கள்.

படி 3: கீகளுக்கு மாஸ்டர் கீ

கான்ஃபிக் மோடில் 'கீ கான்ஃபிக்-கீ பாஸ்வேர்ட்-என்கிரிப்ட்' என்று கொடுத்து குறைந்தது 8 எழுத்தில் மாஸ்டர் கீ போடுங்கள். அடுத்து 'பாஸ்வேர்ட் என்கிரிப்ஷன் ஏஇஎஸ்'. இதை ஆதரிக்கிற வெர்ஷன்களில் ரேடியஸ், டக்காக்ஸ் போன்றவற்றின் கீகள் 6ஆம் வகைக்கு மாறும். எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் படி 1இன் தேடலை மறுபடி ஓட்டிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் வேறுபடும்.

மாஸ்டர் கீ கான்ஃபிக்கில் வராது. நல்லதும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஏற்காட்டில் இடி மழைக்குப் பிறகு சுவிட்ச் மாற்றுவது நமக்குப் புதிதல்ல. பேக்கப்பை எடுத்துப் புதுப் பெட்டியில் ஏற்றினால், அதே மாஸ்டர் கீ அங்கே இல்லாதவரை 6ஆம் வகை வரிகள் வெறும் குப்பை. முதலில் மாஸ்டர் கீயைப் போட்டு, அப்புறம் கான்ஃபிக்கை ஏற்ற வேண்டும். மாஸ்டர் கீயை பாஸ்வேர்ட் மேனேஜரில் சைட் பெயரோடு வையுங்கள். சுவிட்சுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

படி 4: எஸ்என்எம்பி

'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' எஸ்என்எம்பி கம்யூனிட்டியைத் தொடாது. கம்யூனிட்டி அப்பட்டமாகவே கான்ஃபிக்கில் நிற்கும், வயரிலும் அப்பட்டமாகவே ஓடும். எழுதும் அனுமதி உள்ள கம்யூனிட்டி இருந்தால் உடனே நீக்குங்கள். அதை வைத்துக் கான்ஃபிக்கையே வெளியே இழுத்துவிடலாம்.

நிரந்தரத் தீர்வு எஸ்என்எம்பி மூன்றாம் வெர்ஷன். அதன் யூசர் வரி ரன்னிங் கான்ஃபிக்கில் காட்டப்படுவதே இல்லை. 'ஷோ எஸ்என்எம்பி யூசர்' கொடுத்துத்தான் பார்க்க முடியும். இதனாலேயே புதுப் பெட்டிக்குக் கான்ஃபிக்கை ஏற்றினால் யூசர் வராது, மானிட்டரிங் சிவப்பாகும். யூசரை மறுபடி கையால் போட வேண்டும்.

படி 5: லாக் வழியாக ஒழுகுவது

கான்ஃபிக்கில் அடைத்த ரகசியம் லாக்கில் கசியும். கமாண்ட் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'ஆர்க்கைவ்' வசதியை இயக்கியிருந்தால், அதன் 'லாக் கான்ஃபிக்' பகுதிக்குள் 'ஹைட்கீஸ்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நீங்கள் அடித்த பாஸ்வேர்ட் அப்படியே பதிவாகும். அதை லாக்குகளைச் சேகரிக்கும் சிஸ்லாக் சர்வருக்கும் அனுப்ப வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சுவிட்சில் நுழைய நாம் பயன்படுத்தும் பட்டி மென்பொருளின் செஷன் லாக் இன்னொரு ஓட்டை. லேப்டாப் டெஸ்க்டாப்பில் கஸ்டமர் பெயரோடு டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடக்கும். அவசரத்தில் யூசர்நேம் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை அடிப்பதும் சகஜம். லாகின் தோல்விகளை லாக் செய்ய வைத்திருந்தால் அது யூசர்நேம் என்றே பதிவாகும். அப்படி ஆனால் பாஸ்வேர்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: யார் பார்க்கலாம்

மேலே இருக்கிற பையனுக்கு முழு எனேபிள் எதற்கு? அவன் பார்க்க வேண்டியது இன்டர்ஃபேஸ் நிலை, விலேன், மேக் டேபிள், லாக். அதற்கென்றே 'பார்சர் வியூ' இருக்கிறது. 'ஏஏஏ நியூ-மாடல்' போட்டு, 'எனேபிள் வியூ' வழியாக நுழைந்து, 'பார்சர் வியூ' என்று பெயர் கொடுத்து, அதற்கு ஒரு சீக்ரெட் வைத்து, 'கமாண்ட்ஸ் எக்ஸெக் இன்க்ளூட்' மூலம் தேவையான ஷோ கமாண்டுகளை மட்டும் சேருங்கள். ஷோ ரன் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் போட்டோ எடுக்க ஒன்றுமே இருக்காது. ஆரம்பத்தில் கொஞ்சம் முனகுவார்கள், பழகிவிடும்.

பிரிவிலேஜ் லெவலை வைத்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்த லெவலில் ஷோ ரன் கொடுத்தால், அந்த லெவலுக்கு மாற்ற உரிமையுள்ள வரிகள் மட்டுமே வரும். ஆனால் 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' அப்படியல்ல. அது சேமித்த ஃபைலை முழுதாகக் கொட்டிவிடும். ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறந்து வைக்காதீர்கள்.

பெட்டியைத் தொட முடிகிறவர், பவர் போடும்போது மோட் பட்டனை அழுத்திப் பிடித்து பூட் லோடருக்குள் போய்க் கான்ஃபிக்கைப் படிக்கலாம். 'நோ சர்வீஸ் பாஸ்வேர்ட்-ரெகவரி' அதைத் தடுக்கும், ஆனால் நாளைக்கு நீங்களே பாஸ்வேர்டைத் தொலைத்தால் கான்ஃபிக் அழிந்தால்தான் உள்ளே போக முடியும். நான் சாதாரணமாக இதைப் போடுவதில்லை. பூட்டு உள்ள ரேக் வாங்கச் சொல்வேன்.

படி 7: வெளியே அனுப்பும்போது

பெரும்பாலான கேள்விக்கு முழுக் கான்ஃபிக் தேவையே இல்லை. 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக் இன்டர்ஃபேஸ்' என்று போர்ட் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் வரும். அதை அனுப்புங்கள், போதும்.

சப்போர்ட்டுக்கு 'ஷோ டெக்-சப்போர்ட்' அனுப்பச் சொன்னால் அப்படியே கொடுங்கள். பாஸ்வேர்டுகளை நீக்கி அந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற குறியைப் போட்டுவிடும். கடைசியில் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நீக்காமல் தருவதற்கான வடிவம் அது.

முழுக் கான்ஃபிக்கே வேண்டும் என்றால் நோட்பேட் பிளஸ்பிளஸில் திறந்து, படி 1இன் சொற்களைத் தேடி, ரகசியத்தின் இடத்தில் மட்டும் நட்சத்திரக் குறி போடுங்கள். வரியையே அழிக்காதீர்கள். ரேடியஸ் கீ வரி இல்லாவிட்டால், கீயே போடவில்லை என்று எதிரில் இருப்பவர் நினைத்து உங்களை அரை நாள் சுற்றவிடுவார். ஹேஷையும் மறையுங்கள். பிகேஐ சான்றிதழ் என்று பக்கம் பக்கமாக வரும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பொதுச் சான்றிதழ்தான். எஸ்எஸ்ஹெச்சின் தனிச்சாவி ரன்னிங் கான்ஃபிக்கில் வராது.

படி 8: பேக்கப்

ஃபைல் அனுப்பும் பழைய முறையான டிஎஃப்டிபி வேண்டாம், எல்லாம் அப்பட்டமாக ஓடும். எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பும் எஸ்சிபி போதும். கான்ஃபிக்கைத் தானாக பேக்கப் எடுக்கும் ஆக்சிடைஸ்டு மென்பொருள் வைத்திருந்தால் 'ரிமூவ் சீக்ரெட்' என்ற அமைப்பு ரகசியங்களை நீக்கிவிட்டுச் சேமிக்கும். அதே வேலை செய்யும் ரான்சிட்டில் 'ஃபில்டர் பிடபிள்யூடிஎஸ்' பாஸ்வேர்டுக்கும் 'நோகாம்எஸ்டிஆர்' கம்யூனிட்டிக்கும்.

ஆனால் ரகசியம் நீக்கிய பேக்கப் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே லாயக்கு. சுவிட்ச் எரிந்தால் அதை வைத்து முழுதாக எழுப்ப முடியாது. அதனால் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: தினசரி ஒப்பிட ரகசியம் நீக்கியது, மீட்டெடுக்க முழுசாக இருப்பது. முழுசானது என்கிரிப்ட் செய்த இடத்தில், இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி.

மற்ற கம்பெனிகள்

அருபா, பழைய புரோகர்வ் வகை: வழக்கமாக லாகின் பாஸ்வேர்ட் கான்ஃபிக்கில் வரவே வராது. 'இன்க்ளூட்-கிரெடென்ஷியல்ஸ்' போட்டால்தான் வரும். போட்டால் கூடவே 'என்கிரிப்ட்-கிரெடென்ஷியல்ஸ்' போடுங்கள். 'இன்க்ளூட்-கிரெடென்ஷியல்ஸ்' போடாவிட்டால், பேக்கப்பை வைத்து எழுப்பிய சுவிட்சில் பாஸ்வேர்ட் இருக்காது என்பதை மறக்காதீர்கள்.

ஜூனிப்பர்: $6$ என்று தொடங்கினால் ஹேஷ், $9$ என்றால் நம்ம 7க்கு அண்ணன், திரும்பப் படித்துவிடலாம். மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தால் $8$ ஆகும். ரகசிய வரிகளின் கடைசியில் 'சீக்ரெட்-டேட்டா' என்ற குறிப்பு இருப்பதால், பைப் போட்டு 'எக்செப்ட்' கொடுத்தால் அந்த வரிகள் வராது.

மைக்ரோடிக்: 6ஆம் வெர்ஷனில் 'எக்ஸ்போர்ட்' உடன் 'ஹைட்-சென்சிட்டிவ்' சேர்க்க வேண்டும். 7இல் தலைகீழ்: தானாகவே மறைக்கும், வேண்டுமென்றால் 'ஷோ-சென்சிட்டிவ்'. சின்ன லாட்ஜுகளில் இரண்டு வெர்ஷனும் கலந்தே இருக்கும் என்பதால், எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பேக்கப் ஃபைல் வேறு விஷயம், அதில் எல்லாமே இருக்கும்.

ஏற்கெனவே வெளியே போயிருந்தால்

வாட்ஸ்அப்பில் டிலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுத்துப் பயனில்லை, கீயை மாற்றுங்கள். எல்லா சுவிட்சுக்கும் ஒரே ரேடியஸ் கீ என்றால் இப்போதே சுவிட்சுக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். 'ஏஏஏ ஆதென்டிகேஷன் லாகின்' வரியில் ரேடியஸுக்கு அடுத்து 'லோக்கல்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வரில் அந்த சுவிட்சுக்கான கீயை மாற்றி, உடனே சுவிட்சிலும் மாற்றுங்கள். இடைப்பட்ட நேரத்தில் கீ பொருந்தாததால் சர்வரின் பதிலை சுவிட்ச் ஏற்காது, டைம்அவுட் ஆன பிறகே லோக்கலுக்கு வரும். லாகின் மந்தமாக இருந்தால் பதறாதீர்கள். 'டெஸ்ட் ஏஏஏ' கமாண்டால் சோதியுங்கள், ஆனால் அதில் பாஸ்வேர்டைத் திரையிலேயே அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் கணக்கைப் போடாமல் டம்மி யூசர் ஒன்றை வைத்துச் செய்யுங்கள். பாஸ் ஆனால் 'ரைட் மெமரி', அப்புறம் அடுத்த சுவிட்ச்.